கொழும்பு நாவலில் பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேசவேண்டும்?

கொழும்பைக் களமாகக் கொண்டு முதல் நாவல் எழுதும் நீங்கள், உரையாடலை எந்தப் பேச்சுவழக்கில் அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வழக்கைத் தேர்ந்தெடுப்பது இந்நகருக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. வெள்ளவத்தையின் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் 'ஓம், வாறன்' என்னும் யாழ்ப்பாணத்து ஆசிரியையும், 'ஆமா, வாரேன்' என்னும் மலையக இளைஞனும், தமையனை 'நானா' என்றழைக்கும் முஸ்லிம் பெண்ணும் வாழக்கூடும். மூவரையும் ஒரே குரலில் பேசவைத்தால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே வாசகருக்குத் தெரியாமற் போய்விடும்.

இதைவிட நுட்பமானது, ஒருவரே ஆளுக்கேற்பத் தம் பேச்சை மாற்றிக்கொள்வது. அந்த இளைஞன் புறக்கோட்டைக் கடையில் சிங்களம் கலந்தும், தொலைபேசியில் தாயிடம் மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தமிழிலும் பேசுவான். அந்த மாற்றம் நிகழும் கணத்தில்தான் அவனது அச்சமும் ஏக்கமும் வெளிப்படுகின்றன. ஆயினும் ஒலிப்பு முழுவதையும் எழுத்தில் பதிக்க முயலாதீர்கள். வினைமுற்றும் உறவுப்பெயரும் விளிச்சொல்லும் பிழையின்றி அமைந்தால், எஞ்சியதை வாசகரின் செவி நிரப்பிக்கொள்ளும்.

காலி வீதியில் 100ஆம் இலக்கப் பேருந்தில் கேட்கும் பேச்சை நான் அன்றிரவே குறித்துவைப்பேன். மறுநாளுக்குத் தள்ளினால் சொற்கள் நினைவிலிருக்கும். அவை அமைந்த ஒழுங்கு மறந்துவிடும். (வேலைக்குச் செல்பவருக்கு இது எளிதன்று என்பதை அறிவேன், பத்து நிமிடம் போதும்.) எழுதி முடித்த உரையாடலை அந்த வழக்குக்குரிய ஒருவரிடம் உரக்க வாசிக்கக் கொடுங்கள். அவர் தயங்கும் இடத்தைத் திருத்துங்கள்.