மஞ்சள் பிள்ளையும் முற்றத்து வெயிலும்

கேள்வி: மகளுக்கு 37 கிழமையில் சுகப்பிரசவம். ஆண்பிள்ளை, 2.6 கிலோ. இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று ஐந்தாம் நாள். பிள்ளையின் முகமும் நெஞ்சும் மஞ்சளாக இருக்கின்றன. காலையில் முற்றத்து வெயிலில் அரை மணித்தியாலம் மடியில் வைத்திருக்கிறேன். பிள்ளை நல்ல அமைதி. பாலுக்குக்கூட நாங்கள்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. மகளுக்குப் பால் குறைவு என்பதால் இடையில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தோம். பக்கத்து வீட்டில் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். மகளின் இரத்தம் ஓ பொசிட்டிவ். மூத்த பேத்திக்கும் இப்படி மஞ்சள் வந்து தானாகவே போனது. முப்பத்தொன்று கழியாமல் பிள்ளையை வெளியே கொண்டுபோகத்தான் வேண்டுமா?
ஓர் அம்மம்மா, சண்டிலிப்பாய்

பதில்: அம்மா, உங்கள் கேள்வி கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கேயும் முதலில் சொல்கிறேன். பொழுதுபடுவதற்கு முன் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரத்தத்தில் மஞ்சளின் அளவைப் பார்க்க வேண்டும். துடக்கு, முப்பத்தொன்று எல்லாம் அதற்குப் பிறகு. நீங்கள் தயங்காமல் கொண்டுபோனீர்கள். பிள்ளையும் இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் இருந்து வீடு திரும்பிவிட்டான். இப்போது ஆறுதலாக, ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்று எழுதுகிறேன். நம் குடாநாட்டில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே வெயில், இதே குளுக்கோஸ் தண்ணீர், இதே தயக்கம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது மஞ்சள் நிறம் அல்ல. நிறைமாதத்தில் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஆறு பிள்ளைகளுக்கு முதல் கிழமையில் மஞ்சள் வரும். குறைமாதத்தில் பிறந்தவர்களில் எட்டுப் பேருக்கு. பெரும்பாலானோருக்கு உங்கள் பேத்தியைப் போலத் தானாகவே வடிந்துவிடும். என்னைப் பயப்படுத்திய சொல் ‘அமைதி’. ஐந்து நாள் பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பாலுக்கு அழ வேண்டும். பசிக்கு அழாமல், எழுப்பினாலும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்ப நித்திரையாகிற பிள்ளையை நம் வீடுகளில் ‘நல்ல பிள்ளை, ஆய்க்கினை இல்லை’ என்று கொண்டாடுகிறோம். மஞ்சளான பிள்ளையிடம் அந்த அமைதி ஒரு நோய்க்குறி. மஞ்சள் மூளையைத் தொடத் தொடங்கும்போது முதலில் தெரிவது இந்தச் சோம்பல்தான்: தூக்கம், பால் இழுக்கும் வலு குறைதல், கைகால் துவளுதல். முதுகு வில்லாய்ப் பின்னோக்கி வளைவதும் கீச்சென்ற அழுகையும் அதற்குப் பிறகு வருகிறவை. அந்தக் கட்டத்தில் வருகிற பிள்ளையை உயிரோடு காப்பாற்றினாலும், செவிப்புலனையும் கைகால்களின் கட்டுப்பாட்டையும் முழுதாக மீட்டுக்கொடுக்க எங்களால் முடியாமல் போகலாம். அப்படியொரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஆறாம் நாள் வந்தது. அதன் தாயும் ‘இரண்டு நாளாக நல்ல நித்திரை’ என்றுதான் சொன்னார். அந்த வாக்கியம் என் காதில் இன்றும் இருக்கிறது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? வயிற்றில் இருந்த காலத்தில் பிள்ளைக்குச் சிவப்பணுக்கள் நிறையத் தேவைப்பட்டன. பிறந்து மூச்செடுக்கத் தொடங்கியதும் அவ்வளவு தேவையில்லை; மிகுதி உடைகிறது. உடைந்த சிவப்பணுவிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப வேண்டியது ஈரல். புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் ஈரல் அந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை. அதனால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மஞ்சள் உச்சத்தில் நிற்கும். சுகப்பிரசவம் என்றால் அதற்கு முன்பே தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே உச்சத்தைப் பார்க்கிற கண் வைத்தியருடையதல்ல, உங்களுடையது.

இதிலே உங்கள் பேரனுக்கு மூன்று சுமைகள் கூடியிருந்தன. ஒன்று, 37 கிழமை. அதை நாம் நிறைமாதம் என்று சொன்னாலும், 40 கிழமைப் பிள்ளையின் ஈரலும் பால் குடிக்கும் வலுவும் அவனுக்கு இல்லை. இரண்டு, தாயின் ஓ வகை இரத்தம். தகப்பனுடைய ஏ அல்லது பி வகை பிள்ளைக்கு வந்திருந்தால், தாயிடமிருந்து போன எதிர்ப்பொருள்கள் பிள்ளையின் சிவப்பணுக்களை வேகமாக உடைக்கலாம். மூன்று, பால் போதாமை. (தாயின் இரத்தம் நெகட்டிவ் என்றால் கதை இன்னும் கடுமையாகலாம். அதற்குத்தான் பிள்ளை பொசிட்டிவ் என்று கண்டால் 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு ஊசி போடுகிறார்கள்.) மூத்த பேத்திக்குத் தானாகவே மாறியது இந்தப் பிள்ளைக்கும் மாறும் என்பதற்குச் சாட்சியல்ல. மூத்த பிள்ளைக்கு விளக்கு வைத்திருந்தார்கள் என்றால் அதை வைத்தியரிடம் முதல் ஆளாகச் சொல்லுங்கள்.

இனி வெயில். வெயிலை நம்புவது மூடநம்பிக்கை என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. நாங்கள் வைக்கும் நீல விளக்கே வெயிலிலிருந்து பிறந்ததுதான். 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் ரொச்போர்ட் வைத்தியசாலையில் ஜீன் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளை நல்ல நாட்களில் முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் வைத்தியர்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது ஒரு பிள்ளையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருக்க, ஒரு முக்கோணத் துண்டு தோல் மட்டும் கடும் மஞ்சளாய் நின்றது. போர்வையின் மூலை அந்த இடத்தில் வெயிலை மறைத்திருந்தது. அந்த முக்கோணத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி 1958இல் வெளியாகி, இன்று உலகம் முழுக்க ஒளிச் சிகிச்சையாக நிற்கிறது.

ஆனால் அந்த முக்கோணத்தையே கவனியுங்கள். வெளிச்சம் பட்ட தோல்தான் வெளிறியது. நாங்கள் பிள்ளையை வெறும் நாப்பியோடு, கண்ணை மட்டும் மூடி, மணிக்கணக்கில் அளவான நீல ஒளியில் கிடத்துகிறோம். அந்த ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றி, ஈரலின் உதவியில்லாமலே வெளியேறச் செய்கிறது. உங்கள் மடியில் இருந்த பேரனோ தொப்பி, சட்டை, காலுறை, மேலே ஒரு துவாய் என்று சுற்றப்பட்டிருந்தான். அரை மணித்தியாலம் வெயில் பட்டது மூக்கிலும் கன்னத்திலும்தான். சட்டையைக் கழற்றி நீண்ட நேரம் வைத்தாலோ, நம் ஊர் வெயிலில் தோல் சுடும், நீர் வற்றும். நைஜீரியாவில் விளக்குகள் போதாத இடங்களுக்காக, தீங்கான கதிர்களை வடிகட்டும் கூடாரத்தின் கீழ் மணிக்கணக்கில் வெயிலில் வைத்து, உடம்புச் சூட்டை அளந்துகொண்டே சிகிச்சை செய்து பார்த்தார்கள், பலன் கிடைத்தது. அதுவும் வைத்தியசாலைக்குள், இரத்தப் பரிசோதனையோடு. முற்றத்து வெயிலால் வருகிற பெரிய கேடு, ‘ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்’ என்ற நிம்மதியில் இரண்டு நாள் கடந்துபோவது. அந்த இரண்டு நாள்தான் பிள்ளையின் மூளைக்குரிய நாட்கள்.

குளுக்கோஸ் தண்ணீர் மஞ்சளைக் கழுவிப் போக்கும் என்பது எளிதில் நம்பக்கூடியதாக இருக்கிறது. நடப்பது எதிரானது. பிலிரூபின் பெரும்பாலும் மலத்தோடு போகிறது. பிறந்ததும் போகும் கரும்பச்சை மலத்தில் அது நிறைய இருக்கிறது. அந்த மலம் குடலில் தங்கினால் மஞ்சள் திரும்ப இரத்தத்துக்கே ஏறும். மலத்தைத் தள்ளுவது பால். சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குறையும், மலம் தங்கும், மஞ்சள் கூடும். மகளுக்குப் பால் குறைவு என்றால் பிள்ளையை அடிக்கடி மார்பில் போடுவதே வழி. பிள்ளை இழுக்காவிட்டால் பாலைப் பிழிந்து கரண்டியால் கொடுங்கள். தாயைப் பத்தியம் என்ற பெயரில் தாகத்தோடு வைக்காதீர்கள். சரக்குக்கறி கொடுங்கள், வேது வைத்துக் குளிப்பாட்டுங்கள், அதிலெல்லாம் எனக்குக் குறையில்லை. தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள். தாய் பப்பாசியும் பூசணியும் சாப்பிட்டதால் பிள்ளை மஞ்சளாகவில்லை. கீழ்க்காய்நெல்லி பெரியவர்களின் செங்கமாரிக்கு நம் ஊரில் கொடுப்பது. இது அந்த நோய் அல்ல. ஐந்து நாள் பிள்ளையின் வாயில் தாய்ப்பாலைத் தவிர எதையும் வைக்க வேண்டாம்.

மஞ்சளைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வீட்டில் தாயும் பிள்ளையும் இருக்கும் அறையில் திரை இழுத்து, மங்கல் விளக்கில், பவுடர் பூசி, கன்னத்தில் பொட்டும் வைத்த பிள்ளையில் மஞ்சள் தெரியாது. பகல் வெளிச்சத்தில் விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள். மஞ்சள் துணியில் சுற்ற வேண்டாம். நெற்றியிலும், நெஞ்சிலும், தொடையிலும், உள்ளங்காலிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். விரல் எடுத்த நொடியில் அந்த இடம் வெள்ளையா மஞ்சளா என்று தெரியும். நம் பிள்ளைகளின் கறுத்த தோலில் இது ஏமாற்றலாம். ஆகவே கண்வெள்ளையையும் முரசையும் பாருங்கள். மஞ்சள் தலையில் தொடங்கிக் கால் நோக்கி இறங்கும். உள்ளங்கால் மஞ்சளானால் அது உயர்ந்த மஞ்சள். நானும் கண்ணால் பார்த்து அளவு சொல்ல மாட்டேன். குதிக்காலில் எடுக்கும் சொட்டு இரத்தம்தான் சொல்லும்.

அந்த எண்ணும் தனியாகப் பேசாது. பிறந்து 24 மணித்தியாலமான பிள்ளைக்கு ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் பிலிரூபின் 15 மில்லிகிராம் என்றால் உடனே விளக்கு. ஐந்து நாளான, 40 கிழமையில் பிறந்த, நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளைக்கு அதே 15க்கு விளக்குத் தேவைப்படாமல் போகலாம். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிட்டு மனம் குழம்பாதீர்கள். முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் எண்ணைக்கூட எதிர்பார்க்க வேண்டாம், அது எப்போதும் அவசரம். விளக்கின் கீழ் இருக்கும்போதும் தாய் பால் கொடுக்கலாம். மிக உயர்ந்தால்தான் இரத்தம் மாற்றுவோம். நேரத்தோடு வருகிறவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். நெடுந்தீவு, நயினாதீவு வீடுகளுக்கு என் வேண்டுகோள்: சந்தேகம் வந்தால் காலைப் படகிலேயே வாருங்கள், பின்னேரம் வரை பார்த்திருக்காதீர்கள்.

இன்னொன்று. மூத்த பிள்ளையின் சட்டைகளை ட்ரங்குப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்து, இப்போது எடுத்துப் பேரனுக்குப் போட்டீர்களா? சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்கு, ஜீ6பீடீ என்ற நொதி பிறப்பிலேயே குறைவாக இருக்கும். அவர்கள் அந்த நப்தலீன் வாசனையை முகர்ந்தாலே சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து மஞ்சள் பாய்ந்தேறலாம். துவைத்தும் வாசனை போகாத துணியைப் பிள்ளைக்குப் போடாதீர்கள்.

பேரன் வீட்டுக்கு வந்துவிட்டதால் கண்ணை எடுத்துவிட வேண்டாம். ஒரு நாளில் ஆறு துணியாவது நனைய வேண்டும், மலம் மஞ்சளாக இளக வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வரும்போது பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, உடுப்பைக் கழற்றியே காட்டுங்கள். 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் நின்றால் திரும்ப வர வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளில் அது பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் மலம் சுண்ணாம்பு போல வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால், பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்குச் சத்திரசிகிச்சை உண்டு; ஜப்பானிய வைத்தியர் கசாயின் பெயரால் வழங்குவது. 60 நாளுக்குள் செய்தால்தான் அதன் பலன் நன்றாக இருக்கும். எனவே அப்படி ஒரு மலத்தைக் கண்டால் துணியைத் துவைத்துவிடாதீர்கள். ஒரு பையில் போட்டு, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அப்படியே எடுத்து வாருங்கள்; நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.