மணிக்கட்டு 160 மி.மீ., காப்பு ஏன் ஏறவில்லை?

கேள்வி: சூளையில் வளைத்த கண்ணாடிக் காப்பு ஒன்றைச் சொல்லிச் செய்யவைத்தேன். நூலால் மணிக்கட்டைச் சுற்றி அளந்து 160 மி.மீ. என்று எழுதி அனுப்பினேன். வாய் திறந்த மாதிரிதான், ஆனாலும் கையில் ஏறவில்லை. அளவு சரிதான் என்கிறார் செய்தவர். கொஞ்சம் அகட்டித் தரச் சொல்லலாமா?

பதில்: முதலில், நீங்களே அகட்டிப் பார்க்காதீர்கள். வெள்ளிக் காப்பு என்றால் இரண்டு கட்டைவிரலால் விரித்து மாட்டிவிடலாம். கண்ணாடி அப்படி இடம் கொடுக்காது, பட்டென்று இரண்டாகிவிடும். அடுப்பில் காட்டுவதும் வேண்டாம். அது வளைய 650 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். அதற்கு வெகுமுன்பே, ஒரு பக்கம் மட்டும் சூடாகி வெடித்துவிடும்.

செய்தவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கொடுத்த 160 காப்பின் உள்சுற்றைத்தான் தீர்மானிக்கும். கை நுழைவது இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் வழியாக. அதற்கு வேறோர் அளவு வேண்டும், அதை அவர் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. மேசையில் இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே மணிக்கட்டைப் பக்கவாட்டில் வைத்து, பெட்டிகளை மெல்ல நெருக்குங்கள். சதை அமுங்கி, எலும்பு தட்டும்வரை. அந்த இடைவெளிதான் உங்கள் கையின் கனம். வாய் அதைவிடச் சிறிது குறைவாக இருக்கலாம். ஓரச் சதை வழிவிடும், எலும்பு விடாது.

வாய் எப்படிச் சுருங்கியிருக்கும்? வளைப்பதற்கு முன் கண்ணாடிப் பட்டையை நீளமாக வெட்டினால் காப்பு பெரிதாகும் என்று தோன்றும். ஆனால் காப்பின் உள்ளளவை, பட்டையைப் போட்டு வளைக்கும் அச்சு முடிவு செய்துவிடுகிறது. பட்டையில் கூடுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் வாயைத்தான் தின்னும். கண்ணாடியின் கனமும் கணக்கில் வரும். 3 மி.மீ. தகடுகள் இரண்டை உருக்கி ஒட்டினால் பட்டை ஏறக்குறைய 6 மி.மீ. கனம். வளைக்கும்போது உள்முகம் குறுகி வெளிமுகம் நீளும், வெட்டிய நீளம் கனத்தின் நடுக்கோட்டில்தான் நிற்கும். உங்கள் 160-க்குத் தளர்வாக 10 சேர்த்தால் உள்சுற்று 170. வாய்க்கு 28 போனால் உள்வளைவு 142. நடுக்கோட்டுக்கு இன்னும் 16 கூட்டினால் பட்டை 158 மி.மீ. அதையே 165 ஆக வெட்டினால் வாய் சுமார் 22-க்கு வந்துவிடும். கனத்தை மறந்து 142 வெட்டினால் வாய் 42, காப்பு கழன்று விழும். என் முதல் காப்பு அப்படித்தான் போனது.

சரி, தீர்வுக்கு வருவோம். அகட்டச் சொல்லாதீர்கள். இரு முனைகளிலும் 3 மி.மீ. தேய்த்துத் தரச் சொல்லுங்கள். வைரச் சக்கரத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றினால் வாய் 6 மி.மீ. கூடும், சூளையே தேவையில்லை. மறுபடி சூளையில் வைத்துத் தட்டையாக்கி வளைப்பதும் உண்டு. அதில் மேற்பரப்பு மங்கிப்போகும் அபாயம் இருக்கிறது. கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே செய்யச் சிறிய சூளை வாங்கிவிட்டேன். காப்பு அச்சு எவர்சில்வரில் வாங்குவதா, செராமிக்கிலா?

பதில்: எவர்சில்வர். பட்டை அச்சின் வெளிப்புறத்தைக் கவ்விக்கொண்டுதான் ஆறுகிறது. எவர்சில்வர் கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், அதனால் உள்ளிருந்து தானே விலகிக்கொள்ளும். செராமிக்கோ கண்ணாடி அளவுக்குச் சுருங்காது. கண்ணாடி அதை இறுக்கிப் பிடித்து, கடைசியில் கண்ணாடிதான் உடையும். குழிக்குள் தொய்யும் கிண்ணங்களுக்குச் செராமிக் நல்லது.

அச்சில் கில்ன் வாஷ் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூசாமல் வைத்தால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வரைச் சற்றே சூடாக்கிப் பூசுங்கள், இல்லையென்றால் திரண்டு வழியும். பட்டையை முதலில் 800 டிகிரியை ஒட்டித் தட்டையாக உருக்கி, ஆறியபின் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஒற்றைத் தகடு உருகினால் உள்ளிழுத்துச் சிறுத்துவிடும். அப்புறம் அச்சின் உச்சியில் பென்சிலால் நடுக்கோடு போட்டு, பட்டையின் நடுவை அதில் வைத்து, 630 முதல் 680 வரை சூடேற்றுங்கள். இரண்டு மி.மீ. தள்ளி வைத்தாலும் ஒரு கால் நீளமாகத் தொங்கும்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று: ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும். அச்சின் அகலமான இடத்தைத் தாண்டியதும் முனைகள் நேராகத்தான் தொங்கும், கவிழ்த்து வைத்த ‘ப’ போல. உள்நோக்கி வளைய, சூளை சூடாக இருக்கும்போதே திறந்து கருவியால் அழுத்த வேண்டும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் வாங்கும் பட்டியலில் சேரட்டும். கண்ணாடித் தகடு வாங்கும்போது விரிவெண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) 90, 96 என்று இருக்கும். ஒரே காப்பில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: வாங்கும்போதே காப்பு விரிசல் விடுமா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஒளி ஊடுருவும் கண்ணாடி என்றால் ஓரளவு முடியும். சரியாக ஆறவைக்காத கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை கறுக்கும்வரை திருப்புங்கள். திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் காப்பைப் பிடியுங்கள். காப்பும் கறுப்பாகவே தெரிந்தால் நல்லது. வெளிச்சத் திட்டுகள் பளிச்சிட்டால், முக்கியமாக இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில், வைத்துவிட்டு வாருங்கள். அடர்நிறக் காப்புக்கு இந்தச் சோதனை உதவாது. எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் ஆறவைத்தீர்கள் என்று செய்தவரிடம் கேளுங்கள். 480 முதல் 515-க்குள் ஓர் எண்ணைத் தயங்காமல் சொல்கிறவர் என்றால் வாங்கலாம்.