ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் ஏற்காட்டுக் குளிரும்: நான் பட்டது

“என் அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் சேலத்தில் ஆக்சாலிபிளாட்டின் ஊசி ஆரம்பிக்கிறார்கள். வீடு ஏற்காட்டில். குளிர் படவே கூடாது என்கிறார்களே, உண்மையா? வேறென்ன கவனிக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். அதே ஊசியை ஏற்காட்டில் இருந்துகொண்டே, அதுவும் கார்த்திகை மார்கழியில் போட்டுக்கொண்டவள் நான். நாகலூர்ப் பக்கம் ஒரு சின்னக் காப்பித் தோட்டத்தில் பழம் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன். 2022 செப்டம்பரில், 52 வயதில், குடலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். 5 நிணநீர் முடிச்சுகளிலும் நோய் இருந்ததால் மூன்றாம் நிலை என்றார்கள். நவம்பரில் கீமோ தொடங்கியது. நான் டாக்டர் இல்லை. அனுபவித்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் அம்மாவைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

முதல் ஊசி முடிந்து அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியிருப்போம். ஜன்னல் வழியாகக் குளிர்காற்று முகத்தில் அடித்தது. மூச்சை உள்ளே இழுத்தேன். தொண்டையை யாரோ கையால் பிடித்து அமுக்கியதுபோல இருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு நின்றுவிடும் என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய்த் துண்டை எடுத்து என் மூக்கையும் வாயையும் சுற்றிவிட்டார். என் மூச்சுச் சூடே துண்டுக்குள் சுற்றி வரவும், ஐந்து பத்து நிமிடத்தில் தொண்டை விட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டபோதுதான் விளக்கம் கிடைத்தது. இந்த மருந்து நரம்புகளைக் கிளறிவிடுகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே குளிர் பட்ட இடமெல்லாம் சுருக்கென்று குத்தும், மரத்துப்போகும், கரண்ட் அடித்ததுபோல இழுக்கும். கை, கால், உதடு, தாடை, தொண்டை எங்கு வேண்டுமானாலும் வரலாம். தொண்டையில் வரும்போது மூச்சே அடைபடுகிறது என்று தோன்றும், ஆனால் மூச்சுக்குழாய் உண்மையில் மூடிக்கொள்வதில்லை. நூற்றில் ஒருவர் இருவருக்கு இது கடுமையாக வரும் என்றார்கள். அப்படி வந்தவர்களுக்கு அடுத்த முறை 2 மணி நேரத்தில் ஏற்றும் மருந்தை 6 மணி நேரம் வரை நிதானமாக ஏற்றுவார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள், அதற்கப்புறம் தொண்டை அவ்வளவு படுத்தவில்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். தொண்டை இறுக்கத்தோடு தோலில் தடிப்பு, அரிப்பு, முகம் உதடு வீங்குவது, மூச்சிழுப்பு, தலைசுற்றல் ஏதாவது இருந்தால் அது குளிரால் வந்ததல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதனால் வந்தது என்று சந்தேகம் இருந்தாலும் போய்விடுவதுதான் நல்லது.

சரி, இந்த ஊசி எதற்கு? இது பிளாட்டினம் சேர்ந்த மருந்து. நகைக்கடையில் விற்கிறார்களே, அதே உலோகம்தான். புற்றணுக்களின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அவை பெருகாமல் தடுக்கிறது. பிளாட்டினத்துக்கு இந்தக் குணம் இருப்பது 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவரின் ஆய்வில் தெரியவந்தது, அதிலிருந்து சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. ஆக்சாலிபிளாட்டினை 1976இல் ஜப்பானின் நகோயாவில் உருவாக்கினார்கள். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில் ஆபரேஷனுக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும் அணுக்களை ஒழிக்க இதைத் தருகிறார்கள். நோய் கல்லீரல், நுரையீரல் என்று பரவியிருந்தாலும் தருவார்கள். இரைப்பை, கணையப் புற்றுநோய்களிலும் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு.

தனியாகப் பெரும்பாலும் போடுவதில்லை. 3 வாரத்துக்கு ஒருமுறை ஊசி, கூடவே 14 நாள் கேப்சிட்டபின் என்ற கீமோ மாத்திரை என்பது ஒரு முறை. இல்லாவிட்டால் 2 வாரத்துக்கு ஒருமுறை ஊசி, அதோடு 46 மணி நேரம் சின்ன பம்ப் வழியாக ஃப்ளோரோயுராசில் என்ற இன்னொரு கீமோ மருந்து. எனக்கு முதல் முறை. உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 130 மில்லிகிராம் என்று கணக்கு. என் உயரத்துக்கும் எடைக்கும் 1.5 சதுர மீட்டர், அதனால் 195 மில்லிகிராம். ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பதும், ரத்த அணுக்கள், கிட்னி, ஈரல் சோதனை செய்வதும் இதனால்தான். சோதனை சரியில்லை என்றால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். மலையிலிருந்து இறங்கி வந்தும் இன்று ஊசி இல்லை என்று திரும்பினால் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் அது நம் நல்லதுக்கே.

இந்த மருந்து உப்புத் தண்ணீரோடு சேராது. 5 சதவீத குளுக்கோஸில்தான் கலப்பார்கள். வாந்தி வராமல் இருக்க முன்னால் போடும் டெக்சாமெத்தாசோன் ஊசியும் சர்க்கரையை ஏற்றும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி போடும் அறையில் ஏ.சி. இருக்கும். எனக்குத் தெரியாமல் முதல் நாள் ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த தடவையிலிருந்து ஸ்வெட்டர், குல்லா, காலுறை, கம்பளிக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டேதான் போவேன். ட்ரிப் ஏறும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும், முடியட்டும் என்று பொறுக்கக் கூடாது. இந்த மருந்து கசிந்த இடத்தில் ஐஸ் வைக்கவும் கூடாது. இன்னொன்று, முதல் நாலைந்து ஊசி ஒன்றும் செய்யவில்லையே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். இந்த மருந்துக்கு ஒவ்வாமை பல ஊசிகள் போட்ட பிறகுதான் அதிகமாக வரும். உள்ளங்கை அரித்தால்கூட “சிஸ்டர், கை அரிக்குது” என்று அந்த நிமிடமே சொல்லச் சொல்லுங்கள்.

இனி ஏற்காட்டு வீடு. ஃபிரிட்ஜைத் திறக்காதே, ஐஸ் வாட்டர் குடிக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அது சேலத்தில் இருப்பவர்களுக்குப் போதும். மார்கழிக் காலையில் நம் ஊரில் குழாய்த் தண்ணீரே ஐஸ்தான். எவர்சில்வர் டம்ளர், இரும்புத் தாழ்ப்பாள், சிமெண்ட் தரை, பனியில் நனைந்த கொடித்துணி, எதைத் தொட்டாலும் கையில் ஊசி இறங்கும். என் வீட்டுக்காரர் பழைய வேட்டியைக் கிழித்துத் தாழ்ப்பாளிலும் குழாய்த் திருகிலும் கேட்டுக் கொக்கியிலும் சுற்றிவிட்டார். தண்ணீருக்கு ஃபிளாஸ்க், பல் துலக்கவும் வெதுவெதுப்பான தண்ணீர். தயிரைச் சோற்றுச் சூட்டில் பிசைந்து வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடுவேன். முதல் வாய் மெல்லும்போது தாடையில் ஒரு இழுப்பு இருக்கும், நிதானமாக மென்றால் போய்விடும். இதெல்லாம் முதல் 5, 6 நாள்தான் கடுமை, அப்புறம் தணியும். ஊசி கூடக்கூட நாளும் கூடும்.

இரண்டாவது ஊசியிலிருந்து நான் சேலம் அம்மாபேட்டையில் என் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுத்தான் மேலே வந்தேன். வசதி இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டை விட்டு இருக்க முடியாது என்று அம்மா சொல்வார்கள், நானும் சொன்னேன். தங்கைதான், “அக்கா, குளிர் போகட்டும், காப்பிப் பழம் எங்கயும் போகாது” என்று பிடித்து வைத்துக்கொண்டாள்.

குளிருக்குப் பயந்து நெருப்புப் பக்கம் போவதிலும் ஆபத்து இருக்கிறது. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதம் கொப்பளித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெந்நீர் பதத்தை வேறு யாராவது கை வைத்துப் பார்த்துத் தரட்டும்.

காய்ச்சல் விஷயத்தில் யாருடைய சமாதானத்தையும் கேட்காதீர்கள். ஊசிக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மூன்றாவது ஊசி போட்ட 11ஆம் நாள் ராத்திரி எனக்கு 101. மூடுபனியில் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் இறக்கிக்கொண்டு போனார்கள், நாலு நாள் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். நீங்கள் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ராத்திரியில் வரக்கூடிய வண்டி யாருடையது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடி முழுக்கக் கொட்டாது, மெலியும். வாய்ப்புண்ணுக்கு ஐஸ் சப்பச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் இந்த மருந்துக்கு அது ஆகாது. வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலும், வறட்டு இருமலோ மூச்சிரைப்போ புதிதாக வந்தாலும், ஈறிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும். வலி மாத்திரை, கஷாயம், லேகியம் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். அன்போடு கொண்டுவந்து தருவார்கள், வாங்கி வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட 48 மணி நேரம் கழிவறைக் கோப்பையை மூடிவைத்து இரண்டு முறை தண்ணீர் விடுங்கள், வாந்தி, சிறுநீர் பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். அதற்காக அம்மாவைத் தொடாமல் இருக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரலாம், ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கீமோவும் அடங்கும். அட்டை இல்லாவிட்டால் முதலில் அதற்கு எழுதிக்கொடுங்கள்.

இப்போது, நான் செய்த தப்பு. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நாலாவது ஊசிக்குப் பிறகு கை காலில் கூச்சம் முழுதாகப் போகவில்லை. வெயிலில் நின்றாலும் விரல் நுனி மதமதவென்று இருந்தது. ஐந்தாவது ஊசிக்குப் போனபோது “கை கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். “பரவாயில்லைங்க” என்றேன். மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்று பயம். அடுத்த மூன்று வாரத்தில் எடைச்சீட்டில் பேனா நழுவியது. பூத்தொடுக்க முடியவில்லை. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன்.

ஆறாவது ஊசி அன்று டாக்டரம்மா ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக் காட்டச் சொன்னார். முடியவில்லை.

“எவ்வளவு நாளாம்மா இப்படி?”

“போன ஊசிக்கு முன்னாடியே இருந்துதுங்க.”

“ஏன் சொல்லல?”

“மருந்தக் கொறச்சிருவீங்கன்னு பயந்துட்டேனுங்க.”

அவர் கோபப்படவில்லை. பேனாவை வைத்துவிட்டு எனக்குப் புரியும்படி சொன்னார். குளிர் பட்டால் வரும் கூச்சம் வேறு, போட்ட மருந்து சேர்ந்து சேர்ந்து நரம்பைத் தின்னும் மரப்பு வேறு. இரண்டாவது வகை ஊசியை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகும், அதனால் முன்னாலேயே பிடிக்க வேண்டும். 3 மாதம் கொடுத்தால் போதுமா, 6 மாதம் வேண்டுமா என்று 12,000 பேருக்கு மேல் வைத்துப் பல நாடுகளில் ஒப்பிட்டு 2018இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். நோய் குறைவாக இருந்தவர்களுக்கு நான் போட்டுக்கொண்ட இதே கூட்டு மருந்து 3 மாதம் கொடுத்ததே ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஈடாக இருந்திருக்கிறது, நரம்புப் பாதிப்போ பாதிக்கும் குறைவு. என் நோய் கொஞ்சம் கூடுதல் என்பதால்தான் 6 மாதம் போட்டார்கள். அப்படியும் நரம்புக்காக ஆக்சாலிபிளாட்டினைக் குறைப்பதும், நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடர்வதும் வழக்கமாகச் செய்வதுதான் என்றார். ஆறிலும் ஏழிலும் அளவைக் குறைத்தார், எட்டாவதுக்கு மாத்திரை மட்டும். குத்தல் வலிக்கு டுலாக்செட்டின் எழுதிக் கொடுத்தார், அது வலியைத் தணித்தது. மரப்புக்கு மருந்து இல்லை, காலம்தான்.

கை விரல்கள் ஒரு வருஷத்தில் தேறிவிட்டன. கால் கட்டை விரல்கள் இரண்டும் இன்னும் பஞ்சு சுற்றியதுபோலத்தான் இருக்கின்றன. ஐந்தாவது ஊசி அன்று வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு மிஞ்சியிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முதல் நாள் ராத்திரி அம்மாவை ஜாக்கெட் கொக்கி மாட்டச் சொல்லுங்கள். ஊசியில் நூல் கோக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செருப்பு காலில் இருக்கிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் தேதி போட்டு நோட்டில் எழுதி, டாக்டர் அறைக்குள் நீங்களும் கூடப் போங்கள். அம்மா “பரவாயில்லைங்க” என்று சொன்னால் நோட்டை எடுத்து நீட்டுங்கள்.