சைபர் செக்யூரிட்டி கன்சல்டிங்கில் ஜூனியர் புராஜெக்ட் மேனேஜர்: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பொம்மனஹள்ளியிலிருந்து: அக்கா, பி.காம். முடித்து ஐடி கம்பெனியில் புராஜெக்ட் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். ஹேக்கிங் தெரியாமல் இந்தப் பக்கம் வரலாமா?

தாராளமாக வரலாம். கிளையண்டின் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தேடுவது டெஸ்டரின் வேலை. அவர் முதல் நாள் உட்கார்ந்ததும் தடையில்லாமல் தொடங்க வழி செய்வது உங்கள் வேலை. ஐபி (நெட்டில் ஒரு கணினியின் முகவரி), போர்ட் (அந்தக் கணினியில் இணைப்புக்கான வாசல்), ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஓட்டை எவ்வளவு ஆபத்து என்று 10-க்கு அளக்கும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் 9.0-இலிருந்து கிரிட்டிக்கல், 7.0 முதல் 8.9 வரை ஹை என்று ரிப்போர்ட்டைப் படிக்கவும் வரவேண்டும்.

வைட்ஃபீல்டிலிருந்து: முதல் நாளுக்கு முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வெப் அப்ளிகேஷன் பென்டெஸ்ட், அதாவது அனுமதியோடு ஹேக்கர்போல் தாக்கிப் பார்க்கும் சோதனை, என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனுமதிக் கடிதம். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் போட்டிருக்க வேண்டும். எந்த யூஆர்எல், எந்தத் தேதிகள், எந்த ஐபியிலிருந்து டெஸ்ட் நடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று வந்தால் போதாது. அனுமதியில்லாமல் நுழைவது ஐடி சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் மாட்டும். 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அடுத்து லாகின். ஒவ்வொரு ரோலுக்கும் (வாடிக்கையாளர், மேனேஜர் போன்ற பயனர் வகை) இரண்டு கணக்கு கேளுங்கள். ஒருவருடைய பில்லை அதே ரோலில் உள்ள இன்னொருவர் பார்க்க முடிகிறதா என்று சோதிக்க இரண்டு வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் அந்தச் சோதனையே நடக்காது. ஓடிபி எந்த போனுக்குப் போகிறது என்றும் கேட்டுவிடுங்கள். கிளையண்ட் ஆபீஸில் யாரோ ஒருவரின் போனுக்குப் போனால், அவர் மீட்டிங்கில் இருக்கும்வரை டெஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சந்தேகமான கோரிக்கைகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் டெஸ்டரின் ஐபியை அனுமதிக்கச் சொல்வதும் முக்கியம். இல்லையென்றால் அது பாதிக் கோரிக்கைகளைத் தடுத்துவிடும், ரிப்போர்ட்டில் ஓட்டைகள் குறைவாக வரும், கிளையண்டும் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிவிடுவார். தேதி தள்ளிப்போவதைவிட இது மோசம்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: டெஸ்ட் முடிந்தும் புராஜெக்ட் முடியாமல் இழுக்கிறதே?

ரீடெஸ்டில்தான் இழுக்கும், அதாவது ஓட்டைகளை அடைத்துவிட்டார்களா என்று மறுபடி சோதிப்பதில். "ஒரு முறை ரீடெஸ்ட், ரிப்போர்ட் கொடுத்த 30 நாளுக்குள்" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடைசி ஓட்டை அடைபட்ட பிறகுதான் பில் என்றால் பணம் வராது, ஏனென்றால் அடைப்பது அவர்களுடைய டெவலப்பர்கள். முதல் ரிப்போர்ட்டோடு பெரும்பகுதிக்கு பில் போட்டுவிடுங்கள்.

மாரத்தஹள்ளியிலிருந்து: புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் தேர்வு எழுதட்டுமா?

இப்போது வேண்டாம். பட்டதாரிக்கு 36 மாதம் புராஜெக்ட் நடத்திய அனுபவம் கேட்பார்கள். அதே அமைப்பு நடத்தும் தொடக்கநிலைத் தேர்வான சிஏபிஎம் எழுதுங்கள்: 23 மணி நேரப் பயிற்சி, 150 கேள்வி, 3 மணி நேரம். கூடவே தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001:2022 படியுங்கள். அதில் 93 கன்ட்ரோல்கள், அதாவது பாதுகாப்பு நடவடிக்கைகள். 2013 பதிப்பில் 114. கிளையண்ட் அனுப்பும் ஷீட்டில் 114 வரிசை இருந்தால் அது பழையது என்று உடனே பிடித்துவிடலாம்.

பெல்லந்தூரிலிருந்து: டெஸ்ட் நடக்கும்போது "எங்களை ஹேக் பண்ணிட்டாங்க" என்று கிளையண்ட் போன் செய்தால்?

டெஸ்டை நிறுத்தச் சொல்லுங்கள். டெஸ்டரின் லாகில் (செய்ததெல்லாம் பதிவாகும் பட்டியல்) உள்ள நேரத்தையும் ஐபியையும் அவர்கள் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். நம்முடையது என்றால் எழுத்தில் தெரிவியுங்கள். நம்முடையது இல்லையென்றால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது: சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கிளையண்ட் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் இரண்டு பக்கத்திலும் இரவு எடுக்கும் போன் எண்களை முதல் மீட்டிங்கிலேயே வாங்கிவையுங்கள்.

மடிவாளாவிலிருந்து: இன்டர்வியூவுக்கு எதைக் காட்டுவது?

ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பின் ஜூஸ் ஷாப் என்று, பயிற்சிக்காக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த இலவச அப்ளிகேஷன் இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்கோப் ஷீட் (எதையெல்லாம் சோதிக்கலாம் என்ற பட்டியல்), அனுமதிக் கடித மாதிரி, ரிஸ்க் பட்டியல் தயாரித்து எடுத்துப் போங்கள். பழைய கம்பெனியின் கிளையண்ட் ரிப்போர்ட்டை, பெயரை மறைத்துக்கூட, காட்டாதீர்கள். ரகசியத்தைக் காப்பாற்ற ஆள் எடுக்கும் இடத்தில் அந்த நிமிடமே வாய்ப்பு போய்விடும்.