இடம், தேதி, பெயர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குத் தேதி இல்லை. எந்த ஸ்டேஷன், எந்த அலுவலகம் என்றும் இல்லை. இடம், தேதி, பெயர் மூன்றும் இல்லாத புகாரை யாராலும் தீர்க்க முடியாது. பதில் சொல்லக்கூடியவற்றுக்கு மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். உருப்படியான பதில் இல்லை. (குலசேகரம்)

கேள்வியே உருப்படியாக இல்லை. 'ஏன்' என்று கேட்டால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான். அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம். தெருவின் பெயர், ஆண்டு குறிப்பிட்டு மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (செய்த வேலையின் அளவுப் பதிவேடு), பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

அம்மாவுக்கு 67 வயது. ஏதோ வழக்கு விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வருகிறது. (கருங்கல்)

'ஏதோ வழக்கு' என்று விட்டுவிடலாமா? என்ன வழக்கு, சாட்சியா, குற்றம்சாட்டப்பட்டவரா என்று முதலில் கேளுங்கள். சாட்சி என்றால், பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ், பிரிவு 179). அழைப்பும் எழுத்தில் வர வேண்டும். சந்தேகத்துக்குரியவராக ஆஜராகச் சொல்லி 35(3) நோட்டீஸ் வந்தால் கதை வேறு. அதை மதிக்காமல் இருந்தால் கைது செய்ய வழி உண்டு. உடனே வக்கீலைப் பாருங்கள்.

சம்பவம் நடந்தது எங்கள் எல்லையில் இல்லை என்று புகாரைத் திருப்பி அனுப்புகிறார்கள். (குளச்சல்)

எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் ஜீரோ எஃப்ஐஆர் போடச் சொல்லுங்கள், அதே பிஎன்எஸ்எஸ் பிரிவு 173. மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் பக்கம் நம் ஆட்களைக் கும்பலாக அடிக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இப்போது பொய் என்கிறார்கள். வந்ததைத்தானே அனுப்பினேன்? (தக்கலை)

இந்தச் சமாதானத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அடிபட்டவர் யாரென்றே தெரியாமல் நம் ஆள் என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? அனுப்பியவர் சொன்னார், நீங்கள் நம்பினீர்கள், அவ்வளவுதான்.

இது கன்னியாகுமரி மாவட்டம் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக் கலவரம் கடற்கரை ஊர்களுக்குப் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. செல்போன் இல்லாத காலத்திலேயே அந்த நிலை. இன்று மூன்று குரூப் என்றால் சில நிமிடத்தில் எழுநூறு, எண்ணூறு பேர்.

சரிபார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். வண்டி நம்பரைப் பாருங்கள்: டிஎன் 74 நாகர்கோவில், டிஎன் 75 மார்த்தாண்டம். கடை போர்டில் என்ன எழுத்து? பேசுவது விளவங்கோட்டுப் பேச்சா, தோவாளைப் பேச்சா, எல்லை தாண்டிய மலையாளமா? நம் மாவட்டத்துக் காதுக்கு இது தெரியாமல் போகாது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோ பல நேரம் அகப்பட்டுவிடும். இடம், தேதி, பெயர் மூன்றும் தெரியாத வீடியோ உங்கள் போனைத் தாண்டக்கூடாது.

சட்டமும் உங்களைத் தப்பவிடாது. பகை மூட்டும் செய்திக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பிஎன்எஸ் 196இல் மூன்றாண்டு வரை சிறை. படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்று ஒரு முன்னாள் எம்எல்ஏ சொன்னதை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே மூன்று குரூப்பிலும், அது பொய், நான்தான் அனுப்பினேன் என்று இன்றே எழுதுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போனால், அதை நம்பியவர் நம்பியபடியே இருப்பார்.

நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல்தானே? (மார்த்தாண்டம்)

சட்டமன்றத்திலும் மக்களவையிலும் இல்லை. வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவர் ஜெயிப்பார்.

நவம்பர் 1 அன்று எங்கள் ஊரில் கிராம சபையே நடத்தவில்லை. யார்மீது புகார் செய்ய? (ஆரல்வாய்மொழி)

உங்கள் ஊர் பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிக்கு மட்டும்தான். நம் மாவட்டத்தில் ஐம்பது பேரூராட்சிகள் இருக்கும். இதே குழப்பத்தில் மாதம் ஒரு கடிதம் வருகிறது. உங்களுக்கு உள்ளது வார்டு வாரியாகப் பகுதி சபை. அதைக் கூட்டச் சொல்லி கவுன்சிலருக்கு எழுதுங்கள், தேதி போட்டு.

கிள்ளியூர் கனிம மணல் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் புறக்கணிக்கலாமா? (தேங்காப்பட்டணம்)

கூட்டம் உண்டா என்பதே இப்போது கேள்வி. அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு (கிள்ளியூர் மணலும் இதில் சேரும்) பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. கரையில் வாழ்கிறவரிடம் கேட்காமலே கரையைத் தோண்டலாம் என்பது அநியாயம். உங்கள் எம்பி, எம்எல்ஏவிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், எழுத்தில்.

மற்றத் திட்டங்களுக்குக் கூட்டம் வைத்தால் போங்கள். புறக்கணிக்காதீர்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கோரம் கிடையாது. யாருமே வராவிட்டாலும் நடந்ததாகத்தான் கணக்கு. எதிர்ப்பை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் பதிவானதைத் தமிழில் வாசிக்க வேண்டும். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். வீடியோவில் அது பதிவாகும்.