ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சாதி வெறுப்பு வீடியோ: அட்மின் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். திருவிழா வேலைகளுக்காக நான்தான் வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். இப்போது இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். போன வாரம் ஃப்ளெக்ஸ் பேனர் கிழிந்து ஒரு தகராறு. அதற்குப் பிறகு பக்கத்துத் தெருக்காரர்களைச் சாதி சொல்லித் திட்டி, "இனி சும்மா விடக்கூடாது" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கூடவே "நம்ம பையனை அடிக்கிறாங்க பாருங்க" என்று ஒரு வீடியோ. 17 வயதாகும் என் அக்கா மகன் அந்த வீடியோவைக் கத்தி எமோஜி போட்டு இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் வைத்துவிட்டான். குரூப்பைக் கலைத்துவிட்டு வெளியே வா என்கிறார் என் கணவர். என்மேல் கேஸ் வருமா? பையனை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: குரூப்பைக் கலைக்காதீர்கள். நீங்கள் கலைத்தால் அன்று சாயங்காலமே இன்னொருவர் புதிதாக ஒன்று தொடங்குவார். அதில் உங்களைப் போல யோசிக்கிற அட்மின் இருக்கமாட்டார்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, குரூப்பில் மற்றவர் போட்ட பதிவுக்கு நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். இதை 2021 டிசம்பரில் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே சொல்லியிருக்கிறது. கரூரில் வழக்கறிஞர்கள் நடத்திய ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 'வேறெதுவும் செய்யவில்லை என்றால்' என்பதைக் கவனியுங்கள். அந்த வாய்ஸ் மெசேஜுக்குக் கீழே நீங்கள் கைதட்டல் எமோஜி போட்டிருந்தாலோ, வீடியோவை இன்னொரு குரூப்புக்குத் தள்ளியிருந்தாலோ கதை வேறு.

அந்த மெசேஜில் "இன்னிக்கு ராத்திரி இங்கே கூடுங்க" என்பதுபோல நேரமும் இடமும் இருக்கிறதா? இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் 112க்கு போன் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அழிப்பதற்கு முன்னால் ஆதாரத்தைக் காப்பாற்றுங்கள். நல்ல எண்ணத்தில் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறுங்கையோடு ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு குரூப் மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வீடியோ, ஆடியோவோடு சேர்த்துச் சேமியுங்கள். அந்த போனை ரீசெட் செய்ய வேண்டாம், விற்கவும் வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரம் செல்ல, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். மெசேஜ் வந்த அதே போன் உங்களிடம் இருந்தால் அது சுலபம். "பாருங்க எப்படிப் பேசுறான்" என்று அந்த வீடியோவைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது கூடவே கூடாது. கண்டிக்கிறேன் என்று அனுப்பினாலும் பரவுவது அதேதான்.

இப்போது அழிக்கலாம். மற்றவர் போட்ட மெசேஜையும் எல்லோருடைய திரையிலிருந்தும் நீக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. கூடவே 'அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்' என்று இரண்டு மூன்று நாளைக்கு மாற்றி வையுங்கள். குரூப்பில் ஒரே ஒரு வரி போதும்: "திருவிழா விஷயம் தவிர வேறெதுவும் இங்கே வேண்டாம், அந்த மெசேஜை நீக்கிவிட்டேன்." அவ்வளவுதான். யார் சரி, யார் தப்பு என்று குரூப்புக்குள் பேச ஆரம்பித்தால், இருநூறு பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டவரோடு நேரில் பேச வேண்டியதை, அவர் மதிக்கிற ஒரு மாமாவோ சித்தப்பாவோ பேசட்டும். இரு தெருவிலும் மதிப்புள்ள பெரியவர்கள் காதிலும் போட்டுவையுங்கள்.

அந்த வீடியோ எங்கே எடுத்தது என்று பார்த்தீர்களா? கலவரத்தைத் தூண்டுகிற வீடியோக்களில் பழையதும் வேறு ஊரில் எடுத்ததும் நிறைய. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே பரவிய வீடியோக்களில் பல, சம்பந்தமே இல்லாத பழைய சண்டைக் காட்சிகள். அவற்றைப் பரப்பிய வழக்கில் பீகார் யூடியூபர் ஒருவரை மதுரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தி மதுரை மத்தியச் சிறையில் அடைத்தார்கள். அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் எத்தனையோ பேர் ரயிலேறிவிட்டார்கள். வீடியோவில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பல சமயம் மூலம் கிடைத்துவிடும். தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகமும் இருக்கிறது. கடைப் பலகை, வண்டி நம்பர், பின்னால் பேசுகிற மொழி இவற்றைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

புகார் விஷயத்துக்கு வருவோம். மேலூர் பக்கம் என்றால் உங்களுக்கு மாநகர கமிஷனர் அலுவலகம் இல்லை, மாவட்ட எஸ்.பி. அலுவலகம்தான். உள்ளூர் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். பலரும் அழைக்கிற 1930 பெரும்பாலும் பண மோசடிக்கானது. இங்கே பொருந்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சட்டத்தின் 196-வது பிரிவு: சாதி, மதம், மொழி, பிறப்பிடம் இவற்றை வைத்துப் பகையைத் தூண்டினால் மூன்று வருடம் வரை சிறை. மின்னணுத் தகவல் பரிமாற்றம் என்று அந்தப் பிரிவிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. திட்டப்பட்டவர்கள் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரலாம். அதில் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். "சின்னப் பசங்க விளையாட்டு, பேசித் தீர்த்துக்கங்க" என்று திருப்பி அனுப்பினால், அதே புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்பலாம். அதற்கு வழி செய்வது, குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-வது பிரிவு. வெறுப்புப் பேச்சில் யாரும் புகார் தராவிட்டாலும் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. ஸ்டேஷனில் இதைச் சொல்லிப் பார்க்கலாம், சில இடங்களில் வேலை செய்கிறது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 196-வது பிரிவு வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். அதனால் வழக்கு இழுக்கும். ஆனால் புகார் போயிருக்கிறது என்று தெரிந்தாலே ஊரில் பல வாய்கள் அடங்கும்.

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ரிப்போர்ட் செய்யும்போது 'பிடிக்கவில்லை', 'ஸ்பேம்' என்று தட்டிவிடாதீர்கள். 'வெறுப்புப் பேச்சு' என்பதையே தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் நடத்தும் மெட்டா, யூடியூப் இவற்றின் விதிகளிலும் பாதுகாக்கப்பட்ட அடையாளங்களில் சாதியும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழ் வசவு, ஒரு சாதிக்கென்று வழங்குகிற கலர் ஹார்ட், குறிப்புச் சொல் இவையெல்லாம் இயந்திரத்தின் கண்ணில் படாமல் போகும். விளக்கம் எழுத இடமிருந்தால் அதன் அர்த்தத்தை எழுதுங்கள். வாட்ஸ்அப் கதை வேறு. மெசேஜ்கள் பூட்டப்பட்டவை, நிறுவனமே படிக்க முடியாது. நீங்கள் ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து மெசேஜ்கள் மட்டும் அவர்களுக்குப் போகும். எனவே அந்த மெசேஜை அழிப்பதற்கு முன்பே, அது மேலே போவதற்குள் ரிப்போர்ட் செய்துவிடுங்கள்.

உங்கள் அக்கா மகனிடம் இன்றே ஸ்டோரியை நீக்கச் சொல்லுங்கள். "நான் எடுக்கல, ஷேர்தான் பண்ணேன்" என்பான். அது எடுபடாது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், படிக்காமல் ஃபார்வர்டு செய்துவிட்டேன் என்றுதான் சொன்னார். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டன.

ஆனால் போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். கூட்டாளியின் போனில் பார்ப்பான், உங்களிடம் சொல்லமாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். அரிவாள் ரீல்ஸ் ஒன்றை முழுதாகப் பார்த்தவனுக்கு அடுத்த பத்தும் அதே ரகமாகத்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஸ்டாகிராம் செட்டிங்கில் பரிந்துரைகளை ரீசெட் செய்ய வைத்து, அந்த மாதிரிப் பக்கங்களை அவன் கையாலேயே அன்ஃபாலோ செய்ய வையுங்கள். வரலாற்றுப் பெருமை பேச வேண்டாம், சமத்துவ வகுப்பும் வேண்டாம். போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ போகிற ஆசை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நம் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேருக்கு இருக்கும். அந்த வேலைகளுக்கு முன் காவல்துறைச் சரிபார்ப்பு வரும் என்பதை எடுத்துச் சொன்னால் காது கொடுப்பான்.

ஸ்டேஷனிலிருந்து அவனைக் கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள், அம்மாவோ அப்பாவோ கூடப் போகட்டும். 18 வயது ஆகாதவனை லாக்-அப்பில் வைக்க முடியாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.