பயாலஜி குரூப் மகளுக்கு முதலில் வேதியியல்

அன்புள்ள அம்மா,

பெரம்பூரிலிருந்து மகளைக் கூட்டிவந்து நீங்கள் கேட்டது இதுதான்: பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க் வாங்கியவள் ப்ளஸ் ஒன் பயாலஜியில் தடுமாறுகிறாளே, குரூப்பை மாற்றிவிடலாமா? மாற்ற வேண்டாம். அவளுடைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன். விலங்கியலில் வரிக்கு வரி அடிக்கோடு. வேதியியலில், அணுக்களும் மூலக்கூறுகளும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று சொல்லும் வேதிப்பிணைப்புகள் பாடம் தொடப்படாமலே கிடக்கிறது. சிக்கல் அங்கே இருக்கிறது.

பயாலஜி என்றால் மனப்பாடம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போய்விட்டது. உயிரி மூலக்கூறுகள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். புரதம் ஏன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிகிறது? டி.என்.ஏ.வின் இரண்டு இழைகள் எப்படிச் சேர்ந்தே இருக்கின்றன, நகலெடுக்கும்போது எப்படிப் பிரிகின்றன? இரண்டு இடத்திலும் ஹைட்ரஜன் பிணைப்பு வேலை செய்கிறது. தனியாக அது பலவீனம், ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் உறுதி. டி.என்.ஏ. இழைகளில் எதிரெதிரே நிற்கும் காரங்களில், அடினினுக்கும் தைமினுக்கும் நடுவே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் நடுவே மூன்று. தண்ணீரை ஒதுக்கும் கொழுப்பு வால்கள் உள்பக்கம் திரும்பிக்கொள்வதால்தான் செல் சவ்வு இரட்டை அடுக்காகிறது. பிணைப்பு புரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரே பாடம். புரியாதவளுக்கு நூறு தனித்தனிக் குறிப்பு, அத்தனையும் நெட்டுரு.

இதற்கு நம் சென்னையிலேயே பெரிய சான்று உண்டு. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியர். 1963-ல் வெளிவந்த அவர் பெயரிலான வரைபடத்தை வைத்து இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள்.

இனி நீங்கள் சொன்ன இன்னொரு கவலை: "ராத்திரி கேட்டால் சொல்கிறாள், அடுத்த வாரம் மறந்துவிடுகிறாள்." இதற்கும் பதில் அவள் பாடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துத்தான் நரம்பு செல் தன் மின்னழுத்தத்தைக் காத்துக்கொள்கிறது. இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் சினாப்ஸில், செல் சவ்விலுள்ள ஒருவகைக் கால்வாயை மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். தூண்டல் பலமாக வந்தால் அது விலகும், கால்சியம் உள்ளே நுழையும், அந்த இணைப்பு வலுப்படும். நீண்டகால நினைவுக்குப் புதிய புரதங்களே உருவாக வேண்டும். நரம்பியல் விஞ்ஞானி எரிக் காண்டெல் இதைக் கடல் முயல் என்ற எளிய உயிரினத்தில் ஆராய்ந்து காட்டினார், 2000-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆக, உங்கள் மகளின் நினைவாற்றலே வேதியியல்தான். அதற்கு நேரமும் வேண்டும், தூக்கமும் வேண்டும். படித்ததை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு அலாரம் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திரும்பத் திரும்ப வாசிப்பதையும் குறைக்கச் சொல்லுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி மறுபடி வாசித்த மாணவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உங்கள் வீட்டில் நடப்பதும் இதுவே. ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் படம் வரைந்து பாகம் குறிக்கட்டும். மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. தப்பாக எழுதினால் திட்டாதீர்கள். திணறி நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சியில்தான் பாடம் பதிகிறது.

நீட் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 720 மார்க்கில் பயாலஜிக்கு 360, வேதியியலுக்கு 180. வேதியியலை ஒதுக்கினால் கால்வாசித் தாள் கையை விட்டுப் போகும், பயாலஜியும் ஆட்டம் காணும். நீட் மட்டும்தான் வழி என்றும் நினைக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாநில இடங்களுக்கும், பி.எஸ்சி. வேளாண்மைக்கும் இங்கே ப்ளஸ் டூ மார்க்தான் அடிப்படை. பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி படிக்கக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பொறியியல் கல்லூரியில் பயோடெக் என்ற எண்ணம் இருந்தால் கணிதத்தை விடக் கூடாது. அவள் எடுத்திருப்பது பயோ-மேத்ஸ், அதனால் அந்தக் கதவும் திறந்திருக்கிறது.

இந்த மாதம் டியூஷன் சாரிடம் வேதிப்பிணைப்புகளை மட்டும் முதலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு உயிரி மூலக்கூறுகள், அப்புறம் நரம்பு மண்டலம். அரையாண்டு முடிந்ததும் விடைத்தாள்களோடு வாருங்கள். மொத்த மார்க்கைவிட, எந்தக் கேள்வியில் எந்த வரியில் நின்றுபோனாள் என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும்.